நவாபின் வக்கீல்கள்

'வக்கீல்' என்பது அறபு மொழியிலிருந்து நம் தமிழுக்கு வந்து குடியேறிய சொல். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் கருப்பு அங்கியும் நீதிமன்றப் படிக்கட்டுமே நம் கண்முன் தோன்றுகின்றன. அதன் மூலப் பொருளோ இன்னும் விரிந்தது. தம் காரியத்தைத் தாமே சென்று முடிக்க இயலாத ஒருவர், அதனை இன்னொருவரிடம் நம்பி ஒப்படைத்தால், அந்த இன்னொருவர் வக்கீல் ஆவார். நிக்காஹ் மஜ்லிஸில் 'வக்கீல் யார்?' என்று கேட்கப்படும்பொழுது அப்பழம்பொருள் நம்மிடையே இன்றும் உயிரோடிருப்பதைக் காண்கிறோம்.

மத்ரஸாவில் வகாலத் பற்றிய பாடத்தை நடத்தும்பொழுது, ஏறத்தாழ ஆண்டுதோறும் யாரேனும் ஒரு மாணவர் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. ஒரு பொருளை விற்றுத் தரும்படி ஒப்படைக்கப்பட்ட வக்கீல், அதனைத் தமக்கே விற்றுக்கொள்ளலாகாது என்று ஷாஃபிஈ, ஹனஃபீ நூல்கள் விதிக்கின்றன. 'சந்தை விலையைக் காட்டிலும் கூடுதலாகவே கொடுத்து அவர் எடுத்துக்கொண்டால் யாருக்கு என்ன நட்டம், ஹஜ்ரத்?' என்பார் மாணவர். நல்ல கேள்விதான். விற்பவன் கூடிய விலையை நாடுவான், வாங்குபவன் குறைந்த விலையை நாடுவான். ஒரே மனிதன் ஒரே நேரத்தில் இரண்டையும் நாட முடியாது, அவன் எத்துணை நல்லவனாயினும் முடியாது என்பதே நம் உஸ்தாதுமார்கள் நமக்குச் சொல்லித் தந்த விடை. விலை நியாயமானதா என்று ஆராயும் கட்டத்துக்கே சட்டம் போவதில்லை. அதற்கு முன்பாகவே கதவைச் சாத்திவிடுகிறது.

இவ்விதியின் ஆழத்தை நாம் கிதாபுகளில் கற்றதைவிடச் சென்னைப் பட்டணத்தின் சரித்திரத்தில் கற்றதே அதிகம் என்று சொன்னால் மிகையாகாது. பதவியிலிருந்து இறங்கியவர்கள், தாம் நேற்று வரை அமர்ந்திருந்த அதே அலுவலகத்திடம் பிறருக்காகக் காரியம் சாதித்துத் தரும் தொழிலில் அமர்வதைப் பற்றி இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். நம் நாட்டிலும் மத்திய அரசின் உயர்நிலை அலுவலர் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வணிகப் பணியில் சேர வேண்டுமாயின் அரசின் அனுமதி பெற வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். இதனை ஏதோ நேற்று முளைத்த நோயென எண்ணுவோர் உளர். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு, கோட்டைக்கும் சேப்பாக்கத்துக்கும் இலண்டனுக்கும் இடையே இந்நோய் முற்றித் திரிந்த விதத்தைச் சிறிது காண்போம்.

கர்நாடகத்தின் நவாபு அன்வருத்தீன் கான் 1749 ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் வீழ்ந்தபொழுது அவருடைய மகன் முஹம்மது அலீ திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் தஞ்சம் புகுந்தார். சந்தா சாஹிபைப் பிரெஞ்சுக்காரர் தாங்கினர். முஹம்மது அலீயை ஆங்கிலக் கும்பினியார் தாங்கினர். பல்லாண்டுப் போருக்குப் பின்னர், 1763 ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையில் அவரே கர்நாடகத்தின் முறையான நவாபு என்று இரு ஐரோப்பிய அரசுகளும் ஒப்புக்கொண்டன. தில்லிப் பாதுஷாவிடமிருந்து 'வாலாஜாஹ்' என்னும் பட்டமும் கிட்டியது. 1768 இல் சேப்பாக்கத்தில் மாளிகை எழுப்பிக்கொண்டு, ஆற்காட்டை விட்டுக் கோட்டையின் பீரங்கி நிழலுக்கே குடிவந்துவிட்டார். திருவல்லிக்கேணியின் பெரிய பள்ளிவாசல் அன்னார் பெயரை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இலக்னோவின் ஃபிரங்கி மஹல் வழிவந்த பேரறிஞர் பஹ்ருல் உலூம் அப்துல் அலீ அவர்கள் சென்னையில் வந்து பாடம் நடத்தியதும் அன்னாரின் ஆதரவினாலேயே. கல்விக்கும் தீனுக்கும் அவர் செய்த தொண்டை மறப்பது நன்றி மறப்பதாகும்.

ஆயினும் நவாபின் மறுபக்கம் ஒன்றுண்டு. 'துஸுகே வாலாஜாஹீ' என்னும் பாரசீக வரலாற்று நூலை டாக்டர் முஹம்மது ஹுசைன் நயினார் ஆங்கிலத்தில் பெயர்க்க, சென்னைப் பல்கலைக்கழகம் 1934 இலும் 1939 இலும் இரு பகுதிகளாக வெளியிட்டது. அதில் நவாபின் குலப்பெருமையையும் போர்களையும் விரிவாகப் படிக்கலாம். கடன் கணக்கைப் படிக்க வேண்டுமாயின் கும்பினியின் ஏடுகளையும் பார்லிமெண்ட் உரைகளையும்தான் நாட வேண்டும். அரண்மனைச் சரித்திரக்காரர்கள் எக்காலத்திலும் கடன் சீட்டுகளைப் பத்திரப்படுத்துவதில்லை.

கடன் எப்படி வந்தது? நவாபுக்காக நடத்திய போர்களின் செலவையெல்லாம் கும்பினி நவாபின் தலையிலேயே ஏற்றியது. அதனைக் கட்டப் பணம் வேண்டும். சென்னையில் அவ்வளவு பணம் யாரிடம் இருந்தது? கும்பினியின் ஊழியர்களிடமே இருந்தது. ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் பெற்ற இளைஞர்கள், தம் சொந்த வியாபாரத்திலும் வேறு வழிகளிலும் சேர்த்ததை நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்தனர். வட்டி முதலில் நூற்றுக்கு 30, 36 என்றிருந்து, பிறகு 25 ஆகி, 20 ஆகி, 1767 இல் பழைய கடன்களையெல்லாம் ஒன்றாகத் தொகுத்தபொழுது 10 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த ஒரு தொகுப்பு மட்டுமே சுமார் 8,80,000 பவுன்.

கும்பினிக்கு நவாபு தர வேண்டிய பணத்தைக் கும்பினியின் ஊழியர்களே தம் சொந்தப் பெயரில் நவாபுக்குக் கடனாகத் தந்தார்கள். அப்பணம் கும்பினியின் கஜானாவுக்குப் போயிற்று. கடனோ ஊழியர்கள் பெயரில் வட்டியோடு வளர்ந்தது. கும்பினிக்கு முதலில் கட்டுவதா, ஊழியர்களுக்கு முதலில் கட்டுவதா என்ற வழக்கு எழும்பொழுது அதனைத் தீர்க்கும் கவுன்சிலில் அமர்ந்திருந்தவர்களும் அதே ஊழியர்களே! நம் மாணவர் கேட்ட கேள்விக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எந்த ஷரஹிலும் நமக்குக் கிட்டியதில்லை.

நவாபிடம் ரொக்கம் இல்லாதபொழுது கடனுக்கு ஈடாகச் சீமைகளின் வரி வருவாயையே எழுதிக் கொடுத்தார். இச்சீட்டுகளைத் 'தன்க்வாஹ்' என்றனர். உருது பேசும் நம் சகோதரர்கள் இன்று மாதச் சம்பளத்துக்கு வழங்கும் அதே சொல். இன்ன சீமையின் இன்ன ஆண்டு வருவாய் இன்ன துரைக்குரியது என்று சீட்டு எழுதப்பட்டுவிட்டால், வயலில் நிற்கும் பயிர் களத்துமேட்டுக்கு வருமுன்னரே அதற்கு வேறொரு சொந்தக்காரர் கோட்டைக்குள் இருந்தார் என்று பொருள்.

நம்மவர்களிற் பலர் நவாபை வஞ்சிக்கப்பட்ட பேதையாகவே வருணிப்பர். நாமும் இளமையில் அவ்வாறே எண்ணியிருந்தோம். கணக்குகளைப் பார்க்கப் பார்க்க அவ்வெண்ணம் தளர்ந்துவிட்டது. படை வைத்து வெல்ல முடியாத கும்பினியைக் கடன் வைத்து வெல்லலாம் என்று அவர் கண்டுகொண்டார் என்றே தோன்றுகிறது. தமக்குக் கடன் கொடுத்தவன் தம் வாழ்வை விரும்புவான். தம் இராச்சியம் விரிய வேண்டும் என்று துஆ செய்வான். கவுன்சிலில் தமக்காக வாதாடுவான். கடன்காரர்கள் அவருக்குச் சுமையாக மட்டும் இருந்தார்களில்லை. அவருடைய கட்சியாகவும் இருந்தார்கள். அக்கட்சிக்குக் கூலி கொடுத்தது குடியானவன்.

கோட்டையிலுள்ள கட்சி போதாதென்று, கும்பினிக்கு மேலே உள்ள இங்கிலாந்து மன்னரிடமே நேராகச் செல்ல நவாபு விரும்பினார். அங்கேதான் ஜான் மெக்பர்சன் நம் கதைக்குள் நுழைகிறார்.

இவர் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தவர். 1767 இல் ஒரு கப்பலின் கணக்கராகச் சென்னைக்கு வந்தார். மின்சார விந்தைகளையும் மாயவிளக்குப் படங்களையும் காட்டுவதாகச் சொல்லி நவாபின் சமூகத்தை அடைந்தார் என்பர். விளக்குப் படம் எவ்வளவு நேரம் நடந்ததோ, பேச்சு வேறு திசையில் திரும்பிவிட்டது. நவாபின் இரகசிய வக்கீலாக அவர் இலண்டனுக்குப் புறப்பட்டார். 1768 இன் இறுதியில் அங்கே பிரதம மந்திரி கிராஃப்டன் பிரபுவைக் கண்டு, நவாபின் குறைகளை விரித்துரைத்தார், அன்பளிப்புகளையும் நீட்டினார். பிரபு மறுத்துவிட்டார். இதனை நாம் குறிப்பிட்டேயாக வேண்டும். அக்காலத்து எல்லாக் கைகளும் நீண்டிருக்கவில்லை. ஆயினும் நவாபின் முயற்சி வீண்போகவில்லை. 1770 இல் மன்னரின் தூதராகச் சர் ஜான் லின்ட்சே, கும்பினியைக் கலவாமலே நவாபிடம் வந்து சேர்ந்தார். அவருக்குப் பின் சர் ராபர்ட் ஹார்லண்டும் வந்தார்.

மெக்பர்சனுக்குக் கிடைத்த பரிசு என்ன? கும்பினியிலேயே ஒரு வேலை! அரசாங்கத்தாரின் பரிந்துரையால் 'ரைட்டர்' என்னும் எழுத்தர் பதவி பெற்று, அதே 1770 இல் சென்னைக்குத் திரும்பினார். நேற்று வரை கும்பினிக்கு எதிராக நவாபின் வக்கீல். இன்று நவாபைக் கண்காணிக்கும் கும்பினியின் ஊழியர். ஆறாண்டுகள் இப்படி ஓடின. காஜியின் ஒழுக்கம் பற்றிய அத்தியாயத்தில், பதவிக்கு வருமுன்பே அன்பளிப்பு வழங்கிப் பழகியவரிடமிருந்து, வழக்கு ஏதும் இல்லாதபொழுது, அதே அளவில் காஜி பெற்றுக்கொள்ளலாம் என்று நம் இமாம்கள் சலுகை காட்டியிருக்கிறார்கள். அந்த உறவு பதவியினால் விளைந்ததன்று என்பதே காரணம். பழைய அன்பளிப்பே பதவிக்கு ஏணியாக அமைந்த மெக்பர்சன் போன்றவரின் நிலையை அவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்களா என்று நமக்கு ஐயமே.

இதற்கிடையில் தஞ்சாவூர்ப் பெருங்கதை தொடங்கிவிட்டது. காவிரிச் சீமையின் செல்வத்தின்மீது நவாபுக்கு நெடுநாள் கண். 1773 இல் கும்பினியின் படையே தஞ்சாவூரைப் பிடித்து, மராத்திய மன்னர் துளஜாஜியைச் சிறைப்படுத்தி, நாட்டை நவாபின் கையில் ஒப்படைத்தது. நாடு கைக்கு வந்ததும் அதன் வருவாயும் தன்க்வாஹ் சீட்டுகளாக மாறியது. அச்சீட்டுகளில் பெரும் பங்கு பால் பென்பீல்டு என்னும் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. இவர் 1764 இல் கும்பினியின் ஊழியத்துக்கு வந்தவர், கட்டடக்கலை அறிந்தவர், கோட்டை வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர். சேப்பாக்கம் மாளிகையைக் கட்டியவரும் இவரே என்று சொல்லப்படுகிறது.

தஞ்சாவூர் பறிக்கப்பட்டதை இலண்டனிலிருந்த கும்பினி இயக்குநர்கள் ஒப்பவில்லை. துளஜாஜியிடமே நாட்டைத் திருப்பித் தரும்படி கட்டளையிட்டு, முன்பொரு முறை சென்னையில் கவர்னராயிருந்த பிகாட் பிரபுவை மீண்டும் அனுப்பினர். 1775 டிசம்பரில் அவர் வந்திறங்கினார். பிகாட்டும் மாசற்ற மனிதரல்லர். முதல் முறை கவர்னராயிருந்து பெரும் செல்வத்தோடு ஊர் திரும்பியவர். அவர் பெயரால் 'பிகாட் வைரம்' என்றே ஒன்று உலகப் புகழ்பெற்றது. ஆயினும் இம்முறை கட்டளையைக் கட்டளையாகவே நிறைவேற்றினார். மெக்பர்சன் தம் இலண்டன் சேவைகளை நவாபுக்கு எடுத்துரைத்து எழுதிய தாள் அவர் கையில் சிக்கவே, 1776 இன் தொடக்கத்தில் மெக்பர்சனை வேலையிலிருந்து நீக்கினார். ஏப்ரல் 11 அன்று துளஜாஜியைத் தஞ்சாவூர் அரியணையில் மீண்டும் அமர்த்தினார்.

உடனே பென்பீல்டு தம் கணக்கை நீட்டினார். தஞ்சாவூரின் வருவாயில் நவாபு எழுதிக் கொடுத்த வகையில் 1,62,000 பவுன். அந்நாட்டுக் குடிகளுக்குத் தாம் கடன் கொடுத்த வகையில் 72,000 பவுன். ஆக 2,34,000 பவுன். நிற்கும் பயிரின்மீதும் தமக்கு உரிமை உண்டென்றார். சில நூறு பவுன் சம்பளக்காரரின் கையில் இத்துணைப் பணம் எங்கிருந்து வந்தது என்று பிகாட் வியந்தது இயல்பே. கவுன்சில் முதலில் அக்கோரிக்கையைத் தள்ளியது. பிறகு பெரும்பான்மையோர் மனம் மாறினர். அவர்களிற் பலர் நவாபின் கடன்காரர்கள் அல்லது கடன்காரர்களின் நண்பர்கள். தஞ்சாவூருக்கு யாரைப் பிரதிநிதியாக அனுப்புவது என்பதில் சண்டை முற்றியது. பிகாட் ரஸ்ஸலை அனுப்ப விரும்பினார், பெரும்பான்மையோர் கர்னல் ஸ்டூவர்ட்டை அனுப்ப விரும்பினர். அங்கே யார் இருக்கிறாரோ அவர் கையில்தான் அறுவடை இருக்கும்.

1776 ஆகஸ்டு 24 ஆம் நாள் கர்னல் ஸ்டூவர்ட் கவர்னரின் விருந்தாளியாக அவருடன் உணவருந்தினார். அன்று மாலை இருவரும் ஒரே வண்டியில் கோட்டையிலிருந்து தோட்ட மாளிகைக்குச் சென்றுகொண்டிருந்தபொழுது வழியில் படைவீரர்கள் வண்டியை மறித்தனர். கவர்னர் கைது செய்யப்பட்டார். தம் வண்டியிலேயே, தம் விருந்தாளியாலேயே! பரங்கிமலையில் காவலில் வைக்கப்பட்ட பிகாட், 1777 மே 11 இல் காவல் நீங்காமலே இறந்தார். அவரைப் பதவியில் மீண்டும் அமர்த்தும் இலண்டன் ஆணை, கப்பலேறிச் சென்னை வந்து சேருமுன்பே அவர் கண்மூடிவிட்டார். அவரைக் கைது செய்த கவுன்சிலர்களில் நால்வர் பின்னர் இலண்டனில் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. தண்டனை? ஆளுக்கு 1,000 பவுன் அபராதம். தஞ்சாவூர்ப் பணத்தோடு ஒப்பிட்டால் அது வண்டிச் சத்தம்தான்.

பிகாட் இறந்த ஆண்டில் சென்னையில் நடந்த இன்னொரு கடனையும் சொல்லாமல் விட முடியாது. நவாபின் குதிரைப்படைக்குச் சம்பள பாக்கி. அதனைத் தீர்த்துப் படையைக் கலைக்க வேண்டும். தெய்லர், மஜெண்டி, கால் என்னும் மூவர், நாலு இலட்சம் வராகன், அதாவது 1,60,000 பவுன், தருவதாக முன்வந்து, அதற்கு ஈடாகச் சீமைகளின் வருவாயை எழுதி வாங்கிக்கொண்டனர். வருவாய் அவர்களிடம் சேரத் தொடங்கிவிட்டது. சிப்பாய்களுக்குரிய பணமோ காலத்தில் வந்து சேரவில்லை. நவாபின் பணத்தையே வாங்கி நவாபுக்கே கடனாகக் கொடுத்து, அதற்கு நூற்றுக்கு 12 வட்டியும் போட்டார்கள் என்பது பிற்காலத்தில் எழுந்த குற்றச்சாட்டு. அதே 1777 இல் தொகுக்கப்பட்ட மற்றொரு கடன் 24 இலட்சம் பவுன் என்றனர்.

இனிக் காட்சி இலண்டனுக்கு மாறுகிறது. நீக்கப்பட்ட மெக்பர்சன் 1777 இல் மீண்டும் நவாபின் வக்கீலாக அங்கே போய்ச் சேர்ந்தார். 1779 இல் கிரிக்லேடு என்னும் தொகுதியிலிருந்து பார்லிமெண்ட் உறுப்பினரானார். வாக்குகள் விலைபோவதில் அத்தொகுதி பேர்பெற்றது. அடுத்த ஆண்டு அதே தொகுதியின் மற்றோர் இடத்தில் பென்பீல்டு அமர்ந்தார். கர்நாடகத்து நெல் கிரிக்லேட்டின் வாக்காக மாறியது என்று ஒருவர் சொன்னால் அதை மறுப்பது கடினம். பென்பீல்டின் பணத்தால் எட்டுப் பேர் சபையில் அமர்ந்தார்கள் என்று எட்மண்ட் பர்க் அச்சபையிலேயே குற்றஞ்சாட்டினார்.

1781 இல் மெக்பர்சன் கல்கத்தாவின் தலைமைக் கவுன்சிலில் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். சென்னையில் எழுத்தர் வேலையிலிருந்து துரத்தப்பட்டவர், சென்னைக்கே மேலான அவையில்! அவருடைய வக்கீல் வேலை வெற்றிடமாக விடப்படவில்லை. அவரது குலத்தவரான ஜேம்ஸ் மெக்பர்சன் நவாபின் இலண்டன் வக்கீலானார். இலக்கிய அன்பர்களுக்கு இப்பெயர் அறிமுகமாயிருக்கக் கூடும். 'ஓசியன்' என்னும் பழங்காலக் கவிஞனின் பாடல்களைக் கண்டெடுத்து மொழிபெயர்த்ததாகக் கூறி, ஐரோப்பா முழுவதையும் உருக வைத்து, பின்னர் அவற்றிற் பெரும்பகுதி அவருடைய சொந்தப் புனைவே என்ற வழக்கில் சிக்கியவர் அவர். இல்லாத மூலத்தைக் காட்டியவரிடம் நவாபின் கடன் பத்திரங்கள் பற்றி வாதிடும் பொறுப்பு போய்ச் சேர்ந்ததை எண்ணிச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரும் பார்லிமெண்ட் உறுப்பினர். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானவர்.

பர்க் இடம்பெற்றிருந்த பார்லிமெண்ட் குழு 1783 ஆம் ஆண்டின் ஒன்பதாம் அறிக்கையில் ஜான் மெக்பர்சனின் நியமனத்தைக் கண்டித்தது. பயன் விளையவில்லை. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1785 பிப்ரவரியில் கப்பலேறியதும், மூத்த உறுப்பினர் என்ற முறையில் மெக்பர்சனே தற்காலிகக் கவர்னர் ஜெனரல் ஆனார். மாயவிளக்கோடு சேப்பாக்கத்துக்கு வந்த கப்பல் கணக்கர், 1786 செப்டம்பரில் கார்ன்வாலிஸ் பிரபு வரும் வரையில், இந்தியாவிலுள்ள ஆங்கில உடைமைகளுக்கெல்லாம் தலைவர்!

கடன் கதையின் உச்சம் 1784. அவ்வாண்டு நிறைவேறிய இந்தியச் சட்டம், நவாபின் கடன்கள் எவை மெய், எவை பொய் என்று ஆராயும்படி கும்பினி இயக்குநர்களுக்குக் கட்டளையிட்டது. அவர்களும் விசாரணைக்கான கடிதத்தை வரைந்தனர். ஹென்றி டன்டாஸின் செல்வாக்கில் இருந்த கண்காணிப்பு வாரியம் அக்கடிதத்தை அடியோடு மாற்றிவிட்டது. 1767 கடன், குதிரைப்படைக் கடன், 1777 கடன் ஆகிய மூன்றையும் விசாரணையின்றியே ஏற்று, கர்நாடக வருவாயிலிருந்து ஆண்டுக்கு 12 இலட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுன், ஒதுக்கிக் கட்ட வேண்டும் என்று ஆணை பிறந்தது. 1780 இல் ஹைதர் அலீயின் படையெடுப்புக்கும் அதன்பின் வந்த பஞ்சத்துக்கும் ஆளாகிக் கிடந்த நாடு அது.

1785 பிப்ரவரி 28 அன்று பர்க் அச்சபையில் எழுந்து பேசிய பேச்சு ஆங்கில உரைநடையின் பெருமைகளில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. தமிழ்நாட்டு ஏரிகளையும் குளங்களையும் பற்றி அதில் வரும் பகுதி, நம் மண்ணை ஒருநாளும் மிதியாத ஒருவரால் எழுதப்பட்டது என்பதை நம்புவதற்கே அரிது. தீர்மானம் தோற்றது.

பர்க்கைப் புகழ்ந்துவிட்டு நாம் எழுந்துபோக முடியவில்லை. அவருடைய உறவினர் என்றே அறியப்பட்டவரும், ஒரே பணப்பையைப் பகிர்ந்துகொண்ட நண்பருமான வில்லியம் பர்க், முன்னர் பார்லிமெண்ட் உறுப்பினராகவும் அரசாங்கத் துணைச் செயலாளராகவும் இருந்தவர். பதவி போய்ச் செல்வமும் கரைந்தபின், 1777 இல் சென்னைக்கு வந்து, தஞ்சாவூர் மன்னர் துளஜாஜியின் வக்கீலாகி இலண்டனுக்குத் திரும்பினார்! 1782 இல் எட்மண்ட் பர்க் படைச் சம்பளத் துறையின் தலைவரானபொழுது, இந்தியாவில் அத்துறையின் துணைப் பதவி வில்லியமுக்குக் கிடைத்தது. நவாபின் வக்கீல்களைச் சாடிய பேச்சாளரின் வீட்டிலேயே தஞ்சாவூரின் வக்கீல் ஒருவர் இருந்தார். பர்க் சொன்னவை பெரும்பாலும் உண்மையே என்பது நம் கருத்து. ஆயினும் அவர் பேச எழுந்தபொழுதெல்லாம் எதிரிகள் தஞ்சாவூரைச் சுட்டிக்காட்ட முடிந்தது. அவருடைய உண்மைக்கும் அதனால் பாதி எடை குறைந்தது. மாணவரின் கேள்விக்கு இது இன்னொரு விடை. நியாயமான விலை கொடுத்தே வாங்கினாலும், நியாயம்தான் என்று பிறரை நம்பச் செய்யும் வழி அவருக்கு அடைபட்டுவிடுகிறது.

அக்காலத்தில் வேறுவகை மனிதரே இல்லையா? இருந்தார்கள். 1781 இல் சென்னைக் கவர்னராக வந்த மெக்கார்ட்னி பிரபு நவாபின் அன்பளிப்புகளை ஏற்காதவர். அவ்வாண்டு டிசம்பரில் கர்நாடக வரி வருவாயைக் கும்பினியின் நேரடி மேற்பார்வைக்குக் கொண்டுவந்து, பென்பீல்டு கூட்டத்தாரை அதிலிருந்து விலக்கி வைத்தார். நவாபும் கடன்காரர்களும் ஒன்றுகூடி அவரை எதிர்த்தனர். வழக்கு கல்கத்தாவுக்குப் போயிற்று. அங்கே கவுன்சிலில் அமர்ந்திருந்தவர்களில் ஒருவர் யார் என்பதை வாசகர்கள் அறிவார்கள். இறுதியில் இலண்டன் ஆணைப்படி வருவாய் நவாபிடமே திரும்ப ஒப்படைக்கப்பட வேண்டியதாயிற்று. மெக்கார்ட்னி 1785 இல் பதவியைத் துறந்து கப்பலேறினார்.

நவாபு வாலாஜாஹ் 1795 அக்டோபரில் மறைந்து, தாம் இளமையில் தஞ்சம் புகுந்த திருச்சியிலேயே, நத்ஹர் வலீ தர்காவில் அடங்கினார். மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் காலமானார். அம்மாதம் முடிவதற்குள் கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பினியின் கைக்குப் போய்விட்டது. 1784 இல் ஏற்கப்பட்ட கடன்கள் அதற்குள் பெரும்பாலும் தீர்க்கப்பட்டிருந்தன. ஆனால் புதிய பத்திரங்கள் ஈசல் போலக் கிளம்பின. இம்முறை கடனைக் கட்ட வேண்டியது கும்பினி; ஆகவே விசாரிக்காமல் கொடுக்க அதற்கு மனம் வரவில்லை. 1805 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டனர். அந்த விசாரணையிலும் பழைய கதை தலைகாட்டியது. ஆணையாளரிடம் கணக்கு வேலையில் அமர்ந்தவர், முன்பு நவாபின் கருவூலக் கணக்கில் இருந்த ரெட்டி ராவ் என்பவர். போலிப் பத்திர வழக்கில் அவர் பெயரே அடிபட்டு, 1808 முதல் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் பெரும் அமளி நடந்தது.

1814 வரையில் தீர்ப்பான கோரிக்கைகளின் மொத்தத் தொகை 2,03,90,570 பவுன். அவற்றில் மெய்யான கடன் என்று ஏற்கப்பட்டது 13,46,796 பவுன். பதினைந்தில் ஒரு பங்கு கூட இல்லை! விசாரணையின்றி 1784 இல் ஏற்கப்பட்ட கடன்கள் இக்கணக்கில் சேர்ந்தவையல்ல. அவற்றில் எத்தனை பங்கு மெய்யாயிருந்தது என்பதை அறியும் வழியை அன்றே அடைத்துவிட்டார்கள்.

பால் பென்பீல்டு சீமையில் பெரும் வியாபாரங்களில் இறங்கி, எல்லாவற்றையும் இழந்து, 1810 இல் பாரிஸ் நகரில் வறியவராக இறந்தார். ஆணையாளர்களின் அலுவலகம் அப்பொழுது திறந்துதான் இருந்தது. நவாபின் பெயரிட்ட பத்திரங்கள் அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் அங்கே வந்துகொண்டிருந்தன.